பிடி, பிடு

நம் லைன் வீட்டுப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு சண்டை நடந்ததே, பார்த்திருப்பீர்கள். ஒருவர் சிலம்ப வீடியோ ஒன்றை அனுப்ப, இன்னொருவர் தன் பேரன் கராத்தே உடையில் நிற்கும் படத்தைப் போட, கம்பு பெரிதா வெறுங்கை பெரிதா என்று முழங்கால் தேய்ந்த கிழடுகள் எல்லாம் மல்லுக்கு நின்றீர்கள். சர்க்கரை மாத்திரையை விழுங்கிக்கொண்டு இந்த வீரம் தேவைதானா என்று எழுதப் போனேன். அப்போதுதான் உங்களில் ஒருவர், "நம்ம லைன்லயே அந்தக் கன்னடக்காரன் கம்புக்காரர் கையை வாங்கினான்ல" என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். பத்துப் பேர் அதற்குக் கட்டைவிரல் காட்டியிருந்தீர்கள். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். நீளமாக இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் லைனை ஒருமுறை கண்ணுக்குள் கொண்டுவாருங்கள். ஓசூர் தொழிற்பேட்டையின் பின்பக்கம், தைலமரத் தோப்பை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இரண்டு வரிசை வீடுகள். நடுவில் ஒரே ஒரு குழாய். குழாயடியில் தமிழில் ஆரம்பிக்கும் சண்டை தெலுங்கில் சூடாகி கன்னடத்தில் போய் முடியும். ஆண்கள் பாதிப் பேருக்கு ஒரே ரப்பர் கம்பெனி. ஷிப்ட் விட்டு வரும்போது கரித்தூள் படிந்து கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரியும். அவர்கள் குளித்த தண்ணீர் சாக்கடையில் மை மாதிரி ஓடும். அப்பாவின் சட்டையை அம்மா தனிக் கல்லில் துவைப்பார். என்ன துவைத்தாலும் தலையணை உறையில் அப்பாவின் தலை கறுப்பாகப் பதிந்திருக்கும். வெந்த ரப்பரின் வாசனை களி உருண்டையில்கூட வந்ததாக எனக்கு இப்போதும் தோன்றுகிறது.

கடைசி அறையில் இரண்டு பேச்சலர்கள் இருந்தார்கள். இருவருக்கும் இருபத்தைந்துக்குள்தான் வயது. ஒருவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். அவரைத் தெற்கத்தி அண்ணன் என்போம். மற்றவர் தளிக்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். அவர் தளி அண்ணன். ரப்பர் கம்பெனியில் ஒரே உருளை மெஷினில் எதிரும் புதிருமாக நின்று வேலை செய்தார்கள். ஒரே ஸ்டவ்வில் சமைத்தார்கள். அவர் வைக்கும் புளிக்குழம்பை இவர் திட்டுவார், இவர் கிண்டும் களியை அவர் திட்டுவார், இரண்டு தட்டும் காலியாகத்தான் குழாயடிக்கு வரும்.

தெற்கத்தி அண்ணன் ஊரிலிருந்து வரும்போது ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பிரம்புக் கம்பும் கொண்டுவந்திருந்தார். அவர் உயரத்துக்கு இருந்த அந்தக் கம்பில் எண்ணெய் ஏறி ஏறி நல்ல தேன் நிறம். நம் லைன் பையன்கள் பின்னாலேயே போய்விட்டார்கள். என் அண்ணன்தான் முதல் ஆள். வேலையில்லாத பொழுதுகளில் தைலமரத் தோப்பில் கம்பு காற்றைக் கிழிக்கும் சத்தம் எங்கள் சமையலறை வரை கேட்கும். அவருடைய பாடத்தில் ஒரே ஒரு கட்டளைதான் பெரிய கட்டளை. கம்பு கையை விட்டுப் போகக்கூடாது. அடி வாங்கலாம், கீழே விழலாம், கம்பே உடையலாம். ஆனால் கம்பைத் தவறவிட்டவன் தோற்றவன். தவறவிட்ட பையன் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அன்று முழுக்க ஓரமாக நிற்க வேண்டும். என் அண்ணன் கைகளில் கொப்புளம் வந்து உடைந்து, களியை உருட்ட முடியாமல் கரண்டியால் தின்றான். தூக்கத்தில்கூட அவன் விரல்கள் மூடியே இருந்தன. அம்மா விரித்துவிடுவார், திரும்ப மூடிக்கொள்ளும்.

எனக்கும் கம்பின் மேல்தான் ஆசை. பொட்டைப்பிள்ளை ஆம்பளைகள் முன்னால் கம்பு சுற்றினால் நாளைக்கு யார் கட்டுவான் என்று அம்மா முடித்துவிட்டார். அதனால் தளி அண்ணனிடம் போனேன். அவர் தன் ஊர் கரடி மனையில், அதாவது குஸ்திப் பட்டறையில், மண்ணில் புரண்டு காது நசுங்கக் கற்றவர். பெங்களூரில் யாரிடமோ கொஞ்சம் கராத்தேயும் பழகியிருந்தார். இரண்டையும் கலந்து தன் இஷ்டத்துக்குச் சொல்லிக்கொடுப்பார். கம்பெனிச் சுவர் மறைவில், நாலைந்து பெண்பிள்ளைகள், இரண்டு பொடியன்கள். கையை வீசிக்கொண்டு வந்தால் போதும் என்பார்.

அவருடைய முதல் பாடம் ஒரு துண்டு. சிவப்புக் கரை போட்ட பழைய துண்டு. ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்வார், மறுமுனையை நாங்கள். இழுப்போம். இழுத்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று "பிடு" என்பார். உடனே கையை விட்டுவிட வேண்டும். கன்னடத்தில் பிடு என்றால் விடு. நம் பிடி இல்லை, அதற்கு நேர் எதிர். முதல் நாள் நாங்கள் பிடி என்று நினைத்து இன்னும் இறுக்கினோம். அவர் ஒரு சுண்டு சுண்டினார். எல்லாரும் மண்ணில் குப்புற விழுந்தோம். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அதுவே எங்களுக்கு விளையாட்டாகிவிட்டது. பிடு என்ற சத்தம் காதில் விழும் முன்பே விரல் திறந்துவிடும். இன்றைக்கும் யாராவது என் கையிலிருந்து எதையாவது வெடுக்கென்று இழுத்தால் விட்டுவிடுவேன். என் மருமகன் இதை வைத்து என்னைக் கிண்டல் செய்வதுண்டு.

நாமும் இரண்டு கட்சியானோம், ஞாபகம் இருக்கிறதா? கம்புக் கட்சி, கைக் கட்சி. அந்த இருவரும் ஸ்டவ் பக்கத்தில் உட்கார்ந்து இதையேதான் பேசுவார்கள். கம்பு இருந்தால் எதிரி என் பக்கமே வர முடியாது, கை பத்திரமாக இருக்கும் என்பார் தெற்கத்தி அண்ணன். கம்பு கையில் இருக்கிறவன் கம்பையே நினைத்துக்கொண்டிருப்பான், மற்றதை மறந்துவிடுவான் என்பார் தளி அண்ணன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோப்பில் மோதிப் பார்த்துவிடுவது என்று முடிவானது. லைனே திரண்டது. அப்பாகூட பீடியோடு வந்து நின்றார்.

கம்பு சுழல ஆரம்பித்ததும் அவரைச் சுற்றி ஒரு சுவர் எழும்பிவிட்டது. தளி அண்ணன் தோளில் ஒன்று, தொடையில் ஒன்று வாங்கினார். பட்ட இடம் தடித்தது. மூன்றாவதாக விழ வந்த அடிக்குள் அவர் புகுந்துவிட்டார். இரண்டு கையாலும் கம்பைப் பற்றினார். இருவரும் இழுத்தார்கள். "பிடு, பிடு" என்று தளி அண்ணன் சிரித்துக்கொண்டே கத்தினார். தெற்கத்தி அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு விடவே இல்லை. அப்போது தளி அண்ணன் தன் கையை எடுத்துவிட்டார். தெற்கத்தி அண்ணன் கம்போடு மல்லாக்க விழுந்தார். லைன் முழுக்கச் சிரித்தது. அவர் எழுந்து, கம்பு இன்னும் தன் கையில்தான் இருக்கிறது, தோற்றது எப்படி என்று கேட்டார். முகம் சிவந்திருந்தது. ஆனால் அன்று மத்தியானம் அந்தத் தோளுக்கும் தொடைக்கும் நல்லெண்ணெய் சூடுபண்ணித் தேய்த்துவிட்டவர் அவர்தான். அதைப் பார்த்தது நான். நீங்கள் எல்லாரும் சிரிப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

இப்போது அந்த மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு பெரிய இரும்பு உருளைகள் எதிரெதிராக உள்பக்கம் பார்த்துச் சுழலும். நடுவில் ரப்பரைக் கொடுத்தால் மென்று தள்ளும். ரப்பர் உள்ளே போகாமல் துள்ளினால் கையால் அழுத்துவார்கள். கையை வைக்காதே, ஒரு கட்டையால் தள்ளு என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். தெற்கத்தி அண்ணன் முன்பு உடைந்துபோன ஒரு மூங்கில் கம்பின் துண்டை இழைத்து வழவழப்பாக்கி அதற்கென்று வைத்திருந்தார். மெஷினுக்கு மேலே ஒரு கயிறும் உண்டு. ஆபத்து என்றால் அதை இழுத்தால் உருளை நிற்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே அந்தக் கயிற்றின் விசை பழுதாகிவிட்டது. என் அப்பா மெயின்டெனன்ஸில் இருந்தார். பார்ட் வரவில்லை, பார்ட் வரவில்லை என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். எங்களுக்கு அது சாப்பாட்டு நேரத்துப் பேச்சில் ஒன்று, அவ்வளவுதான்.

ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது குழாயடியில் குடங்கள் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. ஒருவரும் குழாயை மூடவில்லை. மூங்கில் துண்டின் முனையை ரப்பரோடு சேர்த்து உருளை கவ்வியிருக்கிறது. அது உள்ளே போகப் போக, அதைப் பிடித்திருந்த தெற்கத்தி அண்ணனின் கையும் போனது. முழங்கை வரை. கயிற்றை இழுத்திருக்கிறார்கள், நிற்கவில்லை. எதிர்ப்பக்கம் நின்ற தளி அண்ணன் கத்தியிருக்கிறார். பிறகு சுவரோரம் ஓடிப்போய் மெயினை அணைத்தவரும் அவர்தான். இல்லாவிட்டால் தோள் வரை போயிருக்கும், ஆளே போயிருப்பார். ஆனால் ஓடியதை ஒருவரும் பேசவில்லை. கத்தியதைத்தான் பேசினார்கள்.

"புடி புடின்னுதான் கத்துனான், நான் என் காதால கேட்டேன்" என்று பக்கத்து மெஷினில் இருந்தவர் சொன்னார். அது போதுமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோப்பில் இருவரும் மோதியது எல்லாருக்கும் தெரியும். அடி வாங்கிய வன்மம், சமயம் பார்த்து விடாமல் பிடிக்கச் சொல்லிவிட்டான் என்று பொழுது சாய்வதற்குள் கதை கட்டி முடிந்துவிட்டது. போலீஸ் வந்து விசாரித்தது.

நான் சும்மா இருக்கவில்லை. அவர் பிடு என்றுதான் சொல்லியிருப்பார், பிடு என்றால் விடு, எங்களுக்குத் தினமும் அதுதானே பாடம் என்று குழாயடியில் சொன்னேன். ஒரு தெலுங்கு அத்தை, கன்னடத்தில் அப்படித்தான் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் தமிழ்க்காரனிடம் எதற்குக் கன்னடத்தில் கத்த வேண்டும், அவன்தான் நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுகிறானே என்று அவரே கேட்டார். அம்மா என் தலையில் குட்டி வீட்டுக்குள் இழுத்துப் போனார்.

அதே கேள்வியை லைன் ஆண்கள் தளி அண்ணனிடமே கேட்டார்கள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். சட்டையில் ரத்தமும் கரியும் காய்ந்து தகடாக இருந்தது. துண்டை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டே நின்றார்.

"பயத்துல வாயி எந்தப் பாசைக்குப் போவுதுன்னு யாருக்கு சாமி தெரியும்?" என்றார். "பிடுன்னுதான் சொன்னேன். அவனையே கேளுங்க."

அவரைக் கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் வைத்துக் கேட்டார்கள். பிடி என்றுதான் கேட்டது என்று தெற்கத்தி அண்ணன் சொன்னதாகச் செய்தி வந்தது. அதோடு முடிந்தது. ஜெயிலுக்கு அனுப்பும் அளவுக்கு ஒன்றும் இல்லை என்று தளி அண்ணனைப் போலீஸ் விட்டுவிட்டது. கம்பெனி விடவில்லை, வேலையை விட்டு நிறுத்தியது. லைனில் யாரும் அவருக்குத் தண்ணீர் பிடிக்க இடம் கொடுக்கவில்லை. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தபோது அறை பூட்டியிருந்தது. கொடிக்கம்பியில் சிவப்புக் கரைத் துண்டு மட்டும் கிடந்தது. நான் எடுத்து வந்தேன். அம்மா அதை அடுப்புத் துடைக்கப் போட்டுவிட்டார். கொஞ்ச நாளில் அது எது என்றே தெரியாமல் கறுத்துப்போனது.

தெற்கத்தி அண்ணன் திரும்பி வந்தபோது வலது கைச் சட்டையை முழங்கைக்கு மேலே முடிச்சுப் போட்டிருந்தார். அம்மா கொடுத்த சோற்றை எடுத்துக்கொண்டு நானும் அண்ணனும் போனோம். அவர் சாப்பிடவில்லை. மூலையில் இருந்த பிரம்புக் கம்பை எடுத்துத் தன் இடது கையில் வைக்கச் சொன்னார். என் அண்ணன் வைத்தான். சுழற்றப் பார்த்தார். கம்பு நழுவி டிரங்குப் பெட்டியில் மோதித் தரையில் உருண்டது. அண்ணன் குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எனக்கு என்ன தோன்றியதோ, தளி அண்ணன் பிடு என்றுதான் சொன்னார், எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை.

"எனக்குந் தெரியும் பாப்பா" என்றார். "ஒரே ரூம்ல கெடந்தவன், அவன் பாசை எனக்குத் தெரியாதா? விடுன்னுதான் சொன்னான். நல்லாக் கேட்டுச்சு. நானும் விடணும்னுதான் நெனச்சேன். கை விடமாட்டேன்னுட்டு."

பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு மீதியைச் சொன்னார். சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிக்கு வந்து, விடச் சொன்னது காதில் விழுந்தும் விடவில்லை என்றால் அது உன் கவனக்குறைவு, கம்பெனிக்கு உன்னோடு பேச்சே இல்லை என்றாராம். அடுத்தவன் தப்பாகச் சொல்லி நடந்தது என்றால் கேட்டில் வாட்ச்மேன் வேலை உண்டு என்றாராம். ஊரில் இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள் என்றார். என் அண்ணன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு அழுதான். அன்றோடு அவன் கம்பைத் தொடவில்லை.

அப்பா ஷிப்ட் முடித்து வந்து சாப்பிட உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். தளி அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று உண்மையிலேயே நம்பினேன். அப்பா பிசைந்த கையோடு நிமிர்ந்தார்.

"அவனுக்கு ரெண்டு கையும் இருக்குது கண்ணு. எங்க போனாலும் பொழச்சுக்குவான். இவனுக்கு இந்த வேலையும் போச்சுன்னா என்ன இருக்குது? இதோட இதப் பேசாத."

எவ்வளவு இரக்கம் என்று அன்றைக்கு நினைத்தேன். பல வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் கையை இழந்தவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே மெஷினுக்கு மேலே புதுக் கயிறும் புது விசையும் வந்துவிட்டன. மாதக்கணக்கில் வராத பார்ட் எங்கிருந்து வந்தது என்று லைனில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லாரும் பிடியா பிடுவா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு இல்லாமல் போயிருந்தால் கயிற்றைப் பற்றிப் பேச்சு வந்திருக்கும். அப்போது மேனேஜரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், மெயின்டெனன்ஸ் ஆளைத்தான் கேட்டிருப்பார்கள். அப்பா கெட்டவர் இல்லை. பயந்தவர். எங்களுக்குச் சோறு போட்ட பயம் அது. ஆனாலும் அதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு எரிகிறது, செத்துப்போன மனுஷர் என்றும் பார்க்காமல் எரிகிறது.

கம்பு பெரிதா கை பெரிதா என்றுதானே அடித்துக்கொண்டீர்கள்? அந்த உருளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

வாட்ச்மேனை உங்களுக்கெல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கும். இடது கையில் கம்பெனி கொடுத்த மூங்கில் தடியோடு கேட்டில் நிற்பார். நாம் பெரியவர்களாகி அதே கேட் வழியாக வேலைக்குப் போனோம். தளி போகும் பஸ் கடக்கும்போது மட்டும் முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொள்வார். அது உங்கள் கண்ணில் பட்டதோ என்னவோ. அவர் போனபோது குழுவில் வீரவணக்கம் என்று எழுதினீர்கள். நானும் எழுதினேன். அவரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மற்றவரைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. என் மகள் நிச்சயதார்த்தத்துக்குப் பூ வாங்க நான் தளிக்குப் போயிருந்தேன். தோட்டத்திலேயே வாங்கினால் நல்ல ரோஜா கிடைக்கும் என்று சொன்னார்கள். குளிர்ந்த காலை, செம்மண் ஈரமாக இருந்தது. ஒரு பெரியவர் பூக்கட்டுகளை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். குஸ்திக்காரர்களுக்கு நசுங்கிப்போன காது இருக்குமே, அந்தக் காதை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். கூட இருந்த வேலைக்காரம்மாவிடம் விசாரித்தேன். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லையாம். ஓசூரில் ஏதோ ஒருவனைக் கொல்லப் பார்த்தார் என்று பேச்சு இருந்ததாம், பெண் கொடுக்க யாரும் வரவில்லையாம். இரண்டு கையும் இருக்கிறவர் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார் என்று அப்பா சொன்னது காதில் கேட்டது.

அவர் முன்னால் போய் நின்றேன். ஓசூர் லைன் வீட்டில் உங்களிடம் படித்த பிள்ளை நான், துண்டு பிடித்து இழுப்போமே என்று தமிழில் சொன்னேன். அவர் கை நின்றது. என் முகத்தையே பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

"நங்கெ தமிளு பரல்லா" என்றார். எனக்குத் தமிழ் வராது.

நம் எல்லாரையும்விட நன்றாகத் தமிழ் பேசிய மனிதர். எனக்குக் கன்னடம் தெரியும். ஆனாலும் கன்னடத்தில் பூ மட்டும்தான் கேட்டேன். அவர் ஒரு பூக்கட்டைத் தூக்கி என்னிடம் நீட்டினார். நனைந்த சாக்கு, நல்ல கனம். வாங்கிக்கொண்டேன். அவர் உடனே கையை எடுக்கவில்லை. என் இரண்டு கையும் அதைச் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, அப்புறம்தான் விட்டார்.